கரைவலைப் பாட்டும் இறுதியாண்டு ஆக்கமும்



இந்த இலக்கியத் தொடரில் எனக்கு முன்னர் பேசியவர்கள் முடிந்த ஆக்கங்களைப் பற்றிப் பேசினார்கள். அச்சேறிய கவிதை, மேடையேறிய நாடகம், பரிசு பெற்ற நாவல் என்று அவை அமைந்தன. நான் இன்று இன்னும் எழுதி முடிக்கப்படாத ஆக்கங்களைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன். நாடகம், இசை, நடனம், ஓவியம் முதலியவற்றைச் சிறப்புப் பாடமாகப் பல்கலைக்கழகத்திலே பயிலும் நம் பிள்ளைகள் பலர் இறுதியாண்டில் சொந்தமாக ஓர் ஆக்கத்தைப் படைத்துக் காட்டவும், அதற்கான ஆய்வை எழுதிக் கொடுக்கவும் வேண்டியவர்களாக இருக்கிறார்கள். எங்கள் கல்லூரியிலே தமிழ் படித்துப்போன மாணவர்கள் விடுமுறையில் ஊர் வரும்போது என்னைத் தேடி வருவதும் பெரும்பாலும் இதன் பொருட்டே. "சேர், இதக் கொஞ்சம் பாத்துத் தாங்க" என்று முன்மொழிவை நீட்டுவார்கள்.

அந்த முன்மொழிவுகளில் அநேகமானவற்றுக்கு ஒரே முகவெட்டு. தலைப்பு முதலிலேயே தீர்மானமாகிவிடும். அடுத்து நோக்கம். அதன்பின் மேனாட்டுக் கோட்பாட்டாளர் இருவருடைய பெயர்கள். பிறகு மேடையமைப்பு: நீல வெளிச்சம், பின்னணியில் அலையோசை. ஆய்வு என்ற தலைப்பின் கீழ் மட்டும் இரண்டே வரிகள் இருக்கும். நேர்காணல் செய்யப்படும், நூல்கள் வாசிக்கப்படும் என்று. யாரை, எந்த மாதத்தில், எதை அறிவதற்காக என்பதெல்லாம் அங்கே இராது. ஆக்கம் நெஞ்சிலிருந்து ஊறி வருவது, ஆய்வோ பரீட்சகருக்காகப் பின்னால் ஒட்டிவிடும் வால் என்ற எண்ணம் எப்படியோ நம் பிள்ளைகளிடம் வேரூன்றிவிட்டது. இது பிழையான எண்ணம் என்பதற்கு நமது நாட்டு அரங்க வரலாறே சான்று.

1960களின் பேராதனைப் பல்கலைக்கழகத்தை எண்ணிப் பாருங்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் மாணவர்களை வைத்துக் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியது 1962இல். அதற்கடுத்த ஆண்டு 'நொண்டி நாடகம்'. பின்னர் 'இராவணேசன்', 'வாலி வதை'. இவற்றைப் பாராட்டுகிறவர்கள் மேடையைப் பற்றியே பேசுகிறார்கள். மேடைக்கு முன்னர் நடந்த வேலை என்ன? கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக இருந்த அவர் மட்டக்களப்பு, மன்னார் என்று கிராமங்களுக்குப் போனார், அண்ணாவிமாரைச் சந்தித்தார், ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த கூத்துகளைப் பதிப்பித்தார். மட்டக்களப்பின் 'அலங்காரரூபன்' 1962இலும் மன்னாரின் 'மூவிராசாக்கள்' 1966இலும் நூலாயின. பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். பேராசிரியரின் அறிவு ஒரு பக்கம், அண்ணாவியாரின் காலடி ஒரு பக்கம்.

விடிய விடிய ஆடும் கூத்தை ஓரிரு மணித்தியாலத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. எதை வெட்டுவது? வெட்டுகிறவனுக்கு முழுவதும் தெரிந்திருந்தாலன்றி வெட்டத் தெரியாது. வட்டக்களரியிலே நாற்புறமும் பார்வையாளர் சூழ்ந்திருக்க ஆடுபவன் எல்லோருக்கும் முகங்காட்டிச் சுழல்கிறான். படச்சட்ட மேடையிலோ பார்வையாளர் ஒரே பக்கம். அந்தச் சுழற்சியை என்ன செய்வது என்ற கேள்வி களரியைப் பாராதவனுக்கு எழவே மாட்டாது.

'இராவணேசன்' எழுத்துருவை ஆக்கி, இராவணனாக ஆடியவர் அப்போது மாணவராயிருந்த சி. மௌனகுரு அவர்கள். மட்டக்களப்பிலே பிறந்து கூத்தின் நடுவில் வளர்ந்தவர். மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களைப் பற்றிய அவருடைய கலாநிதிப்பட்ட ஆய்வு பிற்காலத்தது. அது நூலாக வெளிவந்தது 1998இல். ஆக்கம் முந்தியது, ஆய்வு பிந்தியது போலத் தோன்றும். உண்மையில் அவருடைய கால்கள் மாணவப் பருவத்துக்கு முன்பே ஆய்வைத் தொடங்கிவிட்டன என்பதே என் துணிபு.

சிங்கள அரங்கிலும் இதே ஒழுங்குதான். எதிரிவீர சரச்சந்திர அவர்கள் சிங்கள நாட்டார் நாடகங்களைப் பற்றிய ஆய்வை 1953இல் நூலாக வெளியிட்டார். 'மனமே' மேடையேறியது 1956 நவம்பர் 3ஆம் திகதி. இடையிலே மூன்று ஆண்டுகள். அதற்கும் அம்பலாங்கொடையிலிருந்து சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்ற நாடகம ஆசான் வந்து பழக்க வேண்டியிருந்தது. அந்த நாடகம என்ற வடிவமே தமிழ்க் கூத்தோடு உறவுடையது என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

சரி, இவையெல்லாம் பேராசிரியர்களின் காரியம், ஓர் இறுதியாண்டு மாணவிக்கு இத்தனை காலமும் வசதியும் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆகவே புத்தளம் மாவட்டத்தின் கரைக்கே வருகிறேன்.

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையிலே, மேற்கே கடலும் கிழக்கே களப்புமாக ஒடுங்கிக் கிடக்கும் மணல்மேட்டில் இருப்பது உடப்பு. திரௌபதையம்மன் ஆலயமும் ஆடியில் நிகழும் பதினெட்டு நாள் விழாவும் தீமிதிப்பும் அவ்வூரைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியிருக்கின்றன. ஊரின் உயிர்த்தொழில் கரைவலை. வலையிழுக்கும்போது பாடுவது அம்பா. இவ்வூரிலிருந்து பல்கலைக்கழகம் சென்று நாடகம் பயிலும் மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு ஆடித் திருவிழாவுக்கு வந்தபோது முன்மொழிவோடு வந்தாள். அம்பாப் பாடல்களை வைத்து ஒரு நாடகம். விடுமுறை முடிவதற்குள் களஆய்வை முடித்துவிடுவதாக எழுதியிருந்தாள்.

"பிள்ளை, முழு இழுவையும் நீ கடைசியாக எப்போது பார்த்தாய்?" என்று கேட்டேன்.

"சின்ன வயசில, சேர்" என்றாள்.

இங்கேதான் திட்டம் என்பதன் பொருள் விளங்குகிறது. மேற்குக் கரையில் கரைவலைப் பருவம் ஐப்பசி தொடங்கிச் சித்திரை வரையில். வைகாசியில் சோளகம் பெயர்ந்தால் கடல் கொந்தளிக்கும். வலை வாடியில் கிடக்கும். ஆடியில் ஊர் முழுவதும் கோயில் வாசலில் நிற்கும். பல்கலைக்கழக நாட்காட்டியைப் பார்த்து ஆடியில் களஆய்வு என்று எழுதினால், பாடல் இல்லாத கரையைத்தான் ஆராய வேண்டி வரும். கடலின் நாட்காட்டியை முதலில் எழுது, அதன் மேல் பல்கலைக்கழக நாட்காட்டியை வைத்துப் பார், இரண்டும் எங்கே பொருந்துகின்றன என்று கண்டுபிடி என்றேன். மார்கழி விடுமுறையில் பத்து நாட்கள் பொருந்தின. மிகுதி மாதங்களுக்கு வாசிப்பு.

வாசிப்பு என்றதும் ஓர் இடைச்செருகல். இப்போது நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. அன்று ஒரு பிரதிக்காகக் கொழும்புக்கு பஸ் ஏறினோம். இவ்வளவு கையருகே இருந்தும் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றி எழுதியவர்களைத் தேடுவதில்லை. கற்பிட்டியிலே 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் சாதி வழக்கங்களையும் அகரவரிசைப்படுத்தி 'சிலோன் கசற்றியர்' என்ற நூலை வெளியிட்டார். தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் தொகுத்தவரும் அவரே. எங்கள் கரையோர மனிதர் ஒருவர் இருபத்தேழு வயதுக்குள் முடித்த வேலை அது. கற்பிட்டிக் கோட்டையைப் படம் பிடிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

மாணவியிடம் திரும்புவோம். மார்கழியில் முதல் நாள் அவள் போனது கடற்கரைக்கல்ல, அம்பா பாடுவதில் பேர்போன ஒரு பெரியவரின் வீட்டுக்கு. திண்ணையில் பாய் போட்டு, கைத்தொலைபேசியை ஒலிப்பதிவுக்கு வைத்து, "அப்பச்சி, பாடுங்க" என்றிருக்கிறாள். அவர் இரண்டு அடி பாடி நிறுத்திவிட்டார். மூன்றாவது அடி வரவில்லை. "கயிறு இல்லாம எப்படி மகள் பாடுறது?" என்று கேட்டிருக்கிறார்.

நேயர்களே, அவள் ஆய்வின் முதற் பெறுபேறு அந்தக் கேள்விதான். பின்பு விடியற்காலையில் கரைக்குப் போனாள். தோணி வலையை ஏற்றிக்கொண்டு பிறைபோலக் கடலில் வளைத்து மறுபக்கம் கரை சேர, இரண்டு கயிற்றிலும் இருபது முப்பது பேர் பிரிந்து நின்று இழுக்கிறார்கள். வலை தூரத்தில் இருக்கும்போது பாட்டு நீண்டு நடக்கிறது. மடி கரையை நெருங்க நெருங்க அடி குறுகி வேகம் ஏறுகிறது. முன்பாட்டு எடுப்பவர் கூட்டத்தில் பெரிய பலசாலி அல்லர். அவர் கண் கடலிலே, வலையின் மிதப்பிலே. எந்தக் கணத்தில் எல்லோரும் சேர்ந்து பாரம் கொடுக்க வேண்டும் என்று பார்த்துப் பாட்டை எடுக்கிறார். தாளத்தை வகுப்பது மத்தளமல்ல, தண்ணீருக்குள் கிடக்கும் பாரம். இதைக் கொப்பியில் எழுதிவிட்டு அவள் தன் பழைய முன்மொழிவிலிருந்த 'பின்னணி இசை' என்ற பகுதியை அடித்துவிட்டாள். கயிறில்லாத இசைக்கு அங்கே இடமில்லை என்று கண்டுகொண்டாள்.

வேறொன்றும் நடந்தது. தொலைபேசியை உயர்த்திப் பிடித்த நேரங்களில் பாட்டு கோயில் பாட்டாகவே வந்தது. தெய்வத்தை அழைப்பதும் காப்புக் கேட்பதுமாக. மூன்றாம் நாள் அதைப் பைக்குள் வைத்துவிட்டுக் கயிறு சுருட்டும் இடத்தில் நின்று சுருட்டத் தொடங்கினாள். அப்போதுதான் பிந்தி வந்தவனைப் பேர் சொல்லிக் கிண்டல் செய்யும் அடிகளும் சம்மாட்டியைச் சீண்டும் அடிகளும் வந்தன. ஆனாலும் சில இடங்களில் பாட்டு தடக்கிட்டுத் தாண்டிப் போயிற்று. வீட்டில் மாமியிடம் சொன்னபோது, "உனக்கு முன்னால அதெல்லாம் பாடுவாங்களா!" என்று அவர் சிரித்தாராம். அதையும் குறித்து வை என்றேன். நமக்கு முன்னால் பாடப்படாததும் களக்குறிப்பே.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அவள் கொண்டுவந்த எழுத்துப் பிரதியில் முதற்பக்கம் முழுவதும் செந்தமிழ். கரையில் கேட்ட சொல்லை வகுப்பறைச் சொல்லாக மாற்றியிருந்தாள். சந்தி பிரித்து, விகுதி சேர்த்து, எழுவாய் பயனிலை பொருத்தி! எங்களைப் போன்ற ஆசிரியர்கள் பதின்மூன்று ஆண்டு திருத்தித் திருத்திப் பழக்கிய கை. கேட்டதைக் கேட்டபடி எழுது, விளங்காத சொல்லுக்குப் பக்கத்தில் யார் சொன்னது, என்ன பொருளில் சொன்னார் என்று எழுது, இலக்கணம் பார்ப்பதற்கு நான் வேறு நேரம் தருகிறேன் என்றேன். இரண்டாம் பிரதியில் உடப்பின் குரல் வந்துவிட்டது.

எட்டாம் நாள் அவள் நடந்து போன அடுத்த பாட்டில் — பாடு என்றால் கரைவலை வளைக்கும் இடம் — உழவு இயந்திரம் ஒன்று நின்றது. அதில் பூட்டிய வின்ச் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது. நாலைந்து பேர் போதும். டீசல் சத்தம். பாட்டு இல்லை. இது ஏதோ ஓர் இடத்துப் புதுமையன்று. இலங்கைக் கரைகள் பலவற்றில் கரைவலை இழுப்பு இயந்திரத்துக்கு மாறியிருக்கிறது, அதைத் தடுப்பதா அனுமதிப்பதா என்ற வழக்கும் தொழிலாளரிடையே நெடுநாளாக உண்டு. சம்மாட்டியிடம் கேட்டிருக்கிறாள். "ஆள் எங்க கிடைக்குது மகள்? பொடியன்மார் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போறாங்க. பாட்டுக் கேக்கவா நான் ஆள் புடிக்கிறது?"

அன்றிரவே நாடகத்தின் முடிவை எழுதிவிட்டாள். இழுப்பவர்களின் கோரஸ் உச்சத்துக்கு ஏறும், இயந்திர ஓசை எழும், பாட்டு அடங்கும், இருள். நல்ல மேடை உத்திதான், கைதட்டலும் கிடைக்கும். எனக்கு அது நிறைவாகப் படவில்லை. இயந்திரத்தை அரக்கனாக்கிவிட்டு வீட்டுக்குப் போவது நகரத்துப் பார்வையாளருக்கு இலகு. இழுத்தவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாயா என்றேன். மறுநாள் முதல் வீட்டுப் பெரியவரிடமே போனாள். அவர் தம் உள்ளங்கைகளை விரித்துக் காட்டியிருக்கிறார். கயிறு அறுத்த தழும்பு. "இந்தப் பாட்டெல்லாம் கை எரியிற எரிச்சலுக்குப் பாடினது மகள். மிசின் வந்தது நல்லது." சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "ஆனா கரை ஊமையாப் போச்சு" என்றும் சொன்னாராம்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே மேடையில் நிறுத்துவதுதான் இப்போது அவளுடைய வேலை. அம்பாப் பாடல்கள் யாவை என்றிருந்த ஆய்வுக் கேள்வி, பாரம் இறங்கிய பின் பாட்டுக்கு என்ன நேர்கிறது என்று மாறிவிட்டது. முன்மொழிவை மாற்றினால் புள்ளி குறையுமோ என்று பயந்தாள். கேள்வி மாறியதற்குக் காரணம் காட்டும் பதினைந்து பக்கக் களக்குறிப்பு அவளிடம் இருக்கிறது. அதை இணைத்தே மேற்பார்வையாளருக்கு அனுப்பினாள்.

அயர்லாந்து நாடகாசிரியர் ஜோன் மில்லிங்டன் சிங் என்பவரை இவ்விடத்தில் நினைத்துக்கொள்கிறேன். மேற்கே அத்திலாந்திக் கடலிலுள்ள அரன் தீவுகளுக்கு அவர் முதன்முதல் போனது 1898இல். தொடர்ந்து சில ஆண்டுகள் கோடையில் போய், மீனவர் வீடுகளில் தங்கி, அவர்கள் மொழியைப் பழகினார். தூரத்துக் கரையொன்றில் ஒதுங்கிய சடலத்தை உடைகளையும் உடைமைகளையும் வைத்து ஊரார் அடையாளங்காண முயன்ற கதையை அங்கே கேட்டார். 1904இல் அரங்கேறிய அவருடைய கடல் நாடகத்தில், ஒரு காலுறையில் தான் போட்ட தையல்களை எண்ணித் தன் அண்ணன் இறந்ததை ஒரு பெண் அறிந்துகொள்கிறாள். ஒரு மணித்தியாலமும் ஓடாத நாடகம். அந்தத் தையலின் கணக்கு எழுதும் மேசையிலிருந்து பிறந்ததல்ல.

எல்லாக் களமும் கயிற்றைப் பிடித்தால் திறந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் மாவட்டத்திலே இன்னொரு களம் உண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட பல்லாயிரக்கணக்கான முஸ்லிம் மக்கள் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் வந்து குடியேறினார்கள். அக்குடும்பமொன்றின் பேரப்பிள்ளை, இறுதியாண்டுக்காகச் சிறுகதைத் தொகுதி எழுதுகிறவன், தன் உம்மம்மாவிடம் கேட்பதற்கு இருபத்துநான்கு கேள்விகள் தயாரித்து வந்து காட்டினான். நல்ல கேள்விகள். உம்மம்மா ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. ஊர்க் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசினாராம்: இங்கத்தைய தண்ணீரில் தேநீர் சரிவருவதில்லை என்று, முப்பது வருடத்துக்கு மேலாக. அவன் சலித்துப்போய் வந்தான். அந்தத் தேநீரை எழுது, கேள்விகளை மடித்து வை, அவர் சொல்ல விரும்பாததைத் தோண்டுவதற்குப் பல்கலைக்கழகம் உனக்கு அதிகாரம் தரவில்லை என்றேன். அத்தொகுதியின் முதற்கதை இப்போது தேநீரில் தொடங்குகிறது.

இந்த அதிகாரம் என்ற விடயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒருவருடைய பாட்டை, நினைவை எடுத்து நாம் பட்டம் பெறுகிறோம். அவர் சம்மதித்தாரா, தம் பெயர் நிகழ்ச்சித்தாளில் வருவதை விரும்புகிறாரா, எந்த அடியை வெளியே பாடக்கூடாது என்கிறார் என்பவற்றைத் தொடக்கத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். உடப்புப் பெரியவர் இதை எங்கள் மாணவியிடம் தாமே கேட்டார். "எங்க கொண்டுபோய்ப் போடப் போறீங்க? நாங்க பாக்க வேணாமா?"

அக்கேள்வியால் அவள் திட்டத்தில் புதிய வரி ஒன்று சேர்ந்தது. பரீட்சகர்கள் முன் ஆடுவதற்கு முதல், பங்குனியில், சோளகம் பெயர முன்னர், உடப்புக் கரையிலே மணலில் ஒரு காட்சி. சனம் சுற்றியிருந்து பார்க்கும். பெரியவர் நடிக்க மறுத்துவிட்டார். பார்க்க வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். "மேடையில புடிக்கிறது மெய்யான கயிறுதானே?" என்று மட்டும் விசாரித்தாராம்.

மெய்யான கயிறுதான். நடிக்கும் பிள்ளைகளோ மட்டக்களப்பையும் மலையகத்தையும் யாழ்ப்பாணத்தையும் சேர்ந்தவர்கள். கரைவலைக் கயிறு தொட்டறியாத கைகள். காட்சிக்கு மூன்று நாள் முந்தியே அவர்களை அழைத்துவந்து விடியற்காலை இழுவையில் நிறுத்த வேண்டும் என்கிறாள். அதற்கான பஸ் செலவையும், பன்னிரண்டு பேருக்கு ஊர் வீடுகளில் சாப்பாட்டையும் தான் இப்போது கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.